கழிவுநீரிலிருந்து அம்மோனியாவை மீட்கும் சவ்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவுநீர்க் கசட்டைக் காற்றில்லாமல் நுண்ணுயிர்களால் சிதைக்கும் தொட்டியான கசடு செரிப்பானிலிருந்து வரும் கசட்டைப் பிழிந்தெடுத்த நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியமாகக் கரைந்திருப்பது வழக்கம். அதை நுண்ணுயிர்களைக் கொண்டு நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடாமல், நீர் ஒட்டாத பாலிபுரோப்பிலீன் நுண்குழல்கள் (இவற்றின் நுண்துளைச் சுவரே சவ்வு) வழியாகப் பிரித்துக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட் உரம் கிடைக்கும். மிகவும் பயனுள்ள இந்தத் தொழில்நுட்பத்தில் நேரும் பிழைகளுள் பல, சவ்வை ஒரு வடிகட்டியாக எண்ணிக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன.

ஆர்.ஓ. சவ்வில் நீர் கடந்து செல்லும், உப்பு பின்தங்கும். இங்கோ நீர் துளைகளுக்குள் நுழையவே கூடாது. துளைகளில் நிற்கும் காற்றின் வழியே அம்மோனியா வாயு கடந்து சென்று, மறுபுறம் ஓடும் அமிலத்தில் உப்பாகிறது. அயனியாக உள்ள அம்மோனியமோ எத்தனை மணி நேரம் சவ்வை உரசி ஓடினாலும் கடக்காது. 25 பாகை செல்சியசில், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே வாயு நிலையில் இருக்கும், 9.25இல் பாதி, 10இல் சுமார் 85 விழுக்காடு. எனவே பிஎச்சை உயர்த்தாமல் சவ்வின் பரப்பை மட்டும் கூட்டுவது வீண் செலவு. தொடக்கத்தில் ஒருமுறை உயர்த்திவிட்டால் போதும் என்பதும் சரியன்று. அம்மோனியா வெளியேற வெளியேற ஹைட்ரஜன் அயனிகள் நீரிலேயே தங்குவதால் பிஎச் இறங்கிக்கொண்டே போகும்.

பிஎச்சை உயர்த்தக் காஸ்டிக் சோடாவை நேரடியாகச் சேர்ப்பதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒரு கிலோ நைட்ரஜனை அயனி நிலையிலிருந்து விடுவிக்கக் கணக்குப்படி 2.86 கிலோ சோடா தேவை. ஆனால் செரிப்பான் நீரில் அம்மோனியத்துக்கு இணையாகப் பைகார்பனேட்டும் இருக்கிறது. அது கார்பனேட்டாக மாறும்போது, ஏறத்தாழ அதே அளவு சோடாவை மீண்டும் விழுங்கிவிடக்கூடும். முதலில் நீரில் காற்றைச் செலுத்திக் கரியமில வாயுவை வெளியேற்றினால், சோடா சேர்க்கும் முன்பே பிஎச் ஓரளவு உயர்ந்துவிடும். காற்று மிகுந்தால் அம்மோனியாவும் கூடவே பறக்கும் என்பதால் அதன் அளவில் கட்டுப்பாடு வேண்டும். வெளியேறும் காற்றையும் அமிலத்தில் கழுவிவிட வேண்டும்.

பிஎச் உயர்ந்ததும் கால்சியம் கார்பனேட், ஸ்ட்ருவைட் (மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்), மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகியவை படியத் தொடங்கும். காரம் கலந்த நீரை உடனே சவ்வுக்கு அனுப்புவோர், அந்தப் படிவு நுண்குழல்களின் மேல் உருவாக வழிசெய்கிறார்கள். அந்த நீரை ஒரு தொட்டியில் தேக்கிப் படியவைத்து, வடிகட்டிய பிறகே அனுப்ப வேண்டும். சோடாவுக்குப் பதிலாகச் சேர்க்கச் சுண்ணாம்பு மலிவானதுதான், ஆனால் அது கால்சியத்தை மேலும் கூட்டும்.

சவ்வுக்குப் பெரிய பகை எண்ணெயும் சோப்புத்தன்மை கொண்ட பொருள்களும் ஆகும். அவை துளைகளை நனைத்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் நிரம்பி, அம்மோனியா கடப்பது வெகுவாகக் குறையும். கழிவுநீரே உரக் கரைசலில் கசியவும் கூடும். இதை அறியாமல் சவ்வையே சோப்புக் கரைசலால் கழுவுவது வருந்தத்தக்க பிழை. படிவை நீக்கச் சிட்ரிக் அமிலம் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். நனைந்துவிட்ட சவ்வை நன்கு அலசி முழுவதும் உலர்த்திய பின்பே மீண்டும் இயக்க வேண்டும்.

அமிலப் பக்கத்தைக் கவனியாமல் விடுவதும் உண்டு. ஒரு கிலோ நைட்ரஜனைப் பிடிக்க 3.5 கிலோ கந்தக அமிலம் செலவாகும். அமிலம் தீர்ந்துவிட்டால் கரைசலிலும் அம்மோனியா வாயு சேர்ந்து, கடத்தல் நின்றுபோகும். நீராவியும் அதே துளைகள் வழியே கடந்து உரக் கரைசலை நீர்த்துப்போகச் செய்கிறது. கழிவுநீர் சூடாகவும் அமிலக் கரைசல் குளிர்ச்சியாகவும் இருந்தால் இது கூடும் என்பதால், செரிப்பானிலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீரை ஆறவிடாமல், அமிலக் கரைசலையும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் வைப்பது நல்லது. நீர்த்த உரத்தை வயலுக்குக் கொண்டுசெல்லும் லாரி, பெரும்பாலும் நீரைத்தான் சுமந்து செல்லும்.