வாசல் மரத்தை வெட்டுவதற்கு முன்

சிங்கப்பூரில் உங்கள் தரைவீட்டு வாசலில் பெரிய மரம் சாய்ந்து நிற்கிறதா? ஆள் தேடுவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டி, வீடும் மரங்களைக் காக்கச் சட்டப்படி குறிக்கப்பட்ட மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. சொந்த நிலமானாலும் அப்படித்தான். சாலையோர மரமென்றால் கழகத்திடமே சொல்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் அருகில் என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

முதலில் சான்றிதழ் பெற்ற மரவியல் வல்லுநர் பார்க்கட்டும். கிளைகளைக் கத்தரித்தாலே ஆபத்து நீங்கலாம். நிழல் தரும் மரத்தை அவசரப்பட்டு இழக்காதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குவார்களா என்று கேளுங்கள். காப்புறுதிச் சான்றைக் கண்ணால் பாருங்கள். அடிக்கட்டையை அகற்றுவதும் விலையில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.