பழைய ஆந்தாலஜி திகில் படங்கள்: ரசனையைக் கெடுக்கும் தவறுகள்

1960, 70களில் குறைந்த பட்ஜெட்டில் வந்த ஆந்தாலஜி திகில் படங்களை, அதாவது ஒரே படத்துக்குள் பல சிறு கதைகளைக் கோத்துத் தரும் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "அதெல்லாம் இப்போ பார்த்தா காமெடியா இருக்கும்" என்பார்கள் சிலர். "ஒண்ணு பார்த்தேன், ஒரு கதை நல்லா இருந்துச்சு, மிச்சம் சுமார்" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலுமே கோளாறு படத்தில் இல்லை, பார்த்த விதத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. கையில் காசு இல்லாததால் இந்தப் படங்களில் கதைகள் சுருங்கின, சுருங்கியதாலேயே இறுகின. அந்த இறுக்கத்தைத் தவறவிட வைக்கும் பழக்கங்கள் சில உண்டு.

சிரிப்பதற்கென்றே உட்காருவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. நண்பர்களோடு கூடி உட்கார்ந்து, எங்கே நூல் தெரிகிறது, எங்கே ரப்பர் முகமூடி தெரிகிறது என்று தேடினால் எல்லாமே தெரியத்தான் செய்யும். ஆனால் எதுவும் பயமுறுத்தாது.

1972இல் வந்த 'அசைலம்' படத்தில் ஒரு கதை. மனைவியைக் கொன்ற கணவன் உடலைத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டி, நிலவறையில் இருக்கும் ஃப்ரீசருக்குள் வைக்கிறான். பிறகு அந்தப் பொட்டலங்கள் அசையத் தொடங்குகின்றன. செலவு என்று பார்த்தால் காகிதமும் கயிறும்தான். தலை இருக்கும் பொட்டலத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். அது மூச்சு விடுகிறது. காகிதம் உள்ளே ஒட்டுகிறது, வெளியே உப்புகிறது. முகத்தைக் காட்டியிருந்தால் ஒப்பனை எப்படி என்று யோசித்திருப்போம். காகிதத்துக்குள் இருப்பதால் அந்த முகத்தை நாமே வரைந்துகொள்கிறோம்.

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1963இல் எடுத்த 'பிளாக் சபாத்'தில் 'தண்ணீர்த் துளி' என்றொரு கதை. இறந்துபோன ஒரு மூதாட்டிக்கு உடை மாற்ற வரும் நர்ஸ், பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு ஒரு ஈ, சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், ஜன்னலுக்கு வெளியே மினுங்கும் வண்ண வெளிச்சம். கருவிகள் அவ்வளவே. அந்தப் பிணத்தின் முகத்தைச் செய்தவர் பாவாவின் தந்தை யூஜீனியோ. அது பொம்மை முகம் என்று பார்த்தவுடன் தெரியும். தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் நேராகப் பார்க்க முடியாது.

பட்ஜெட் குறைவு என்றால் கைத்திறனும் குறைவு என்று எடுத்துக்கொள்வதும் இதே தவறின் இன்னொரு முகம். 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' (1965), 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' (1972) இரண்டையும் இயக்கிய ஃப்ரெடி ஃபிரான்சிஸ், ஒளிப்பதிவுக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர். எந்த இடத்தில் இருட்டை விட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பீட்டர் குஷிங் இருந்தால் ஹாமர் படம் என்று முடிவு கட்டுவது

பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ என்ற நடிகர்களின் பெயர்களைப் பார்த்ததும், திகில் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனமான ஹாமரின் தயாரிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஆந்தாலஜிகளில் பெயர்பெற்றவை அமிகஸ் நிறுவனத்தின் படங்கள். மில்டன் சுபாட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம் அது. ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் படமெடுத்தார்கள். 1945இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' மீது சுபாட்ஸ்கிக்கு இருந்த பிரியம்தான் 'டாக்டர் டெரர்' உருவாகக் காரணம்.

யார் தயாரித்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். எதிர்பார்ப்பே மாறிவிடும் என்பதுதான் பதில். ஹாமரின் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பவை: கோட்டை, குதிரை வண்டி, மெழுகுவத்தி. அமிகஸ் ஆந்தாலஜிகள் பெரும்பாலும் படம் எடுத்த காலத்திலேயே நடந்தன. ரயில் பெட்டி, வாடகை வீடு, பழம்பொருள் கடை என்று இருந்ததைக் கொண்டே ஒப்பேற்றிக்கொண்டார்கள். இது செலவைக் குறைத்தது உண்மைதான். ஆனால் பயம் எங்கோ மலைக்கோட்டையில் இல்லாமல் டெலிபோனும் சோபாவும் இருக்கிற அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஹாமர் படத்தின் ஆடம்பரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் இது கண்ணில் படாது.

பெரிய நடிகர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதற்கும் பதில் இதே வடிவத்தில் இருக்கிறது. ஒரு கதைக்குச் சில நாள் கால்ஷீட் போதும். சில நாள் சம்பளத்தில் ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற நாடக மேதையையே பிடித்துவிடலாம். போஸ்டரில் வரிசையாகப் பெயர்கள் நிற்கும்.

முதல் கதையோடு எழுந்துவிடுவது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆந்தாலஜிக்குச் செல்லாது. தொண்ணூற்றுச் சொச்சம் நிமிடத்தில் நான்கைந்து கதைகள் இருக்கும். எல்லாம் ஒரே தரத்தில் இருக்கவே இருக்காது. நல்ல கதையைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதும் வழக்கம்.

பலவீனமாகத் தெரியும் கதை சிலசமயம் தெரிந்தே வைக்கப்பட்டதாக இருக்கும். 'டெட் ஆஃப் நைட்'டில் நான்காவதாக வருவது கோல்ஃப் ஆடும் இரு நண்பர்களின் வேடிக்கைக் கதை. இது எதற்கு என்று தோன்றும். அடுத்து வருவது, பொம்மையைப் பேச வைக்கும் கலைஞனாக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த கதை. முந்தைய கதையில் சிரித்துத் தளர்ந்த உடம்போடு அதற்குள் போகிறோம். திகில் படங்களில் எனக்குத் தெரிந்த மிகக் கச்சிதமான அடுக்குகளில் இது ஒன்று.

இணைப்புக் கதையை ஓட்டிவிடுவது

கதைகளைக் கோக்கும் பகுதியை நிரப்பல் என்று நினைத்து வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 'டாக்டர் டெரர்' படத்தில் ஒரே ரயில் பெட்டியில் ஐந்து பேர். ஆறாவதாக ஏறும் குஷிங்கின் கையில் குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு. ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு அவரவர் விதியைச் சொல்கிறது. அதிலிருந்து தப்ப வழி உண்டா என்று ஐந்தாவது சீட்டைத் திருப்பினால், திரும்பத் திரும்ப மரணமே வருகிறது. அந்த ரயில் எங்கே போகிறது என்ற கேள்விதான் உண்மையில் படம். இடையில் வரும் கதைகள் அதற்கான ஆதாரங்கள்.

'டெட் ஆஃப் நைட்'டில் இது இன்னும் ஆழம். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு வரும் கட்டடக் கலைஞர், அங்கே இருக்கும் எல்லோரையும் ஏற்கெனவே கனவில் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். படத்தின் முடிவு தொடக்கத்தோடு போய்ச் சேரும் விதத்தைப் பார்த்துத்தான், தொடக்கமும் முடிவும் இல்லாத பிரபஞ்சம் என்ற யோசனை வானியலாளர் தாமஸ் கோல்டுக்கு எழுந்ததாக அவருடைய சக விஞ்ஞானி ஃப்ரெட் ஹாய்ல் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹெர்மன் பாண்டியும் சேர்ந்து மூவரும் 1948இல் நிலைத்த பிரபஞ்சக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். கோட்பாடு பின்னால் தோற்றுப்போனது வேறு விஷயம். ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் பகுதிக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிடைத்த பிரதியைப் பார்ப்பது

இது பலருக்குத் தெரியாமலே நடக்கும் தவறு. 'டெட் ஆஃப் நைட்' அமெரிக்காவுக்குப் போனபோது கோல்ஃப் கதையையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் வெட்டிவிட்டார்கள். விளைவு, இணைப்புக் கதையில் சில பேர் ஏன் இருக்கிறார்கள் என்றே பார்வையாளர்களுக்குப் புரியவில்லை.

'பிளாக் சபாத்' பட்ட பாடு அதைவிட மோசம். இத்தாலியப் பிரதியில் கடைசியாக வரும் 'தண்ணீர்த் துளி' அமெரிக்கப் பிரதியில் முதலில் வருகிறது. 'டெலிபோன்' கதையில் இரண்டு பெண்களுக்கு இடையே இருந்த உறவை மறைத்து, ஆவி வரும் கதையாக மாற்றிவிட்டார்கள். இசையையும் மாற்றினார்கள். இத்தாலிய முடிவு முழுவதுமாகப் போய்விட்டது. அந்த முடிவில் குதிரை மேல் பாய்ந்து செல்லும் நடிகர் போரிஸ் கார்லாஃபை விட்டு கேமரா பின்னால் நகரும். அது பொம்மைக் குதிரை என்பதும், ஆட்கள் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள் என்பதும் தெரியவரும். தன் ஏழ்மையைத் தானே திறந்து காட்டிப் பெருமைப்படும் அந்த இடத்துக்காகவே இத்தாலியப் பிரதியைத் தேடிப் பார்க்கலாம். ஒரே நஷ்டம், அதில் கார்லாஃபின் சொந்தக் குரல் இல்லை. அந்தக் குரல் வேண்டுமென்றால் ஆங்கிலப் பிரதிக்குத்தான் போக வேண்டும்.

பிரதி சரியாகக் கிடைத்த பிறகு டிவியில் கெடுப்பவர்களும் உண்டு. அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் நேரலை நிகழ்ச்சி மாதிரி ஆக்கிவிடும். இருட்டுக் காட்சி தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டவும் வேண்டாம். பாவா பச்சையும் சிவப்புமாகத் தீட்டிய நிழல்கள் அதில் வெளுத்துப்போகும்.

தலைப்பை நம்புவது

'த ஹவுஸ் தட் டிரிப்ட் பிளட்' (1971), அதாவது ரத்தம் சொட்டும் வீடு. படத்தில் ரத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இயக்குநர் பீட்டர் டஃபெல் விரும்பிய தலைப்பு 'மரணமும் கன்னியும்'. ரத்தக்களரியை எதிர்பார்த்துப் போய் ஏமாந்தவர்கள் படத்தைத் திட்டுகிறார்கள். அந்தக் கோபம் விளம்பரம் எழுதியவர் மேல் போக வேண்டியது.

"முடிவு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு" என்பது

'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' கதைகள் 1950களின் அமெரிக்க ஈ.சி. காமிக்ஸிலிருந்து வந்தவை. அந்த உலகத்தில் சட்டம் எளிது: தப்பு செய்தவனுக்குத் தண்டனை உண்டு, அது அவன் செய்த தப்பின் அளவுக்கே தைக்கப்பட்டிருக்கும். எனவே தண்டனை வருமா என்று காத்திருப்பதில் பொருளில்லை. எந்த வழியாக வரப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜோன் காலின்ஸ் நடித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் இரவு. கணவனைக் கொன்றுவிட்டாள். தப்பி ஓடிய ஒரு மனநோயாளி சாண்டா வேடத்தில் திரிகிறான் என்று ரேடியோ எச்சரிக்கிறது. அவன் வாசலுக்கு வந்தும் விடுகிறான். வீட்டுக்குள் பிணம் கிடக்கும்போது போலீசைக் கூப்பிட முடியுமா? வசனம் மிகக் குறைவு; பின்னால் ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாடல்கள் இனிமையாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வீடு, ஒரு நடிகை, ஒரு ரேடியோ. இதை இரண்டு மணி நேரப் படமாக இழுத்திருந்தால் நீர்த்துப்போயிருக்கும்.

அதே படத்தில் குஷிங், மனைவியை இழந்து தனியாக வாழும் கிழவராக வருகிறார். அவருடைய சொந்த மனைவி ஹெலன் இறந்தது 1971 ஜனவரியில். இறந்த மனைவியின் படத்தோடு அந்தக் கிழவர் பேசும் காட்சியைப் பார்த்த பிறகும் இதை மலிவுப் படம் என்று சொல்பவரிடம் வாதாட எனக்கு மனமில்லை.

எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் முடிப்பது

மூன்று படத்தை வரிசையாகப் போட்டால் பதினைந்து கதை ஆகிவிடும். எந்தக் கை எந்தக் கதையில் தனியாக நடந்து வந்தது என்று காலையில் ஞாபகம் இருக்காது. ஒரு ராத்திரிக்கு ஒரு படம் போதும். கதைக்குக் கதை நடுவில் போனை எடுக்காமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' என்பேன். பிறகு 'டெட் ஆஃப் நைட்', பிறகு 'பிளாக் சபாத்'. ஜப்பானின் 'குவைடன்' (1964) படத்தையும் இதே பட்டியலில் சேர்த்துத் தருபவர்கள் உண்டு. அது மூன்று மணி நேரம் ஓடும், பெரும் பொருட்செலவில் கையால் தீட்டிய வானங்களோடு எடுக்கப்பட்ட படம். அமிகஸ் படத்துக்கான அவசரத்தோடு அதைத் தொடாதீர்கள். விடுமுறை நாளாகப் பார்த்துத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.