ரேடியேட்டர் ஃபேனுக்குக் கையால் போடும் சுவிட்ச்

கம்பளையிலிருந்து புசல்லாவ, றம்பொடை வழியாக ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஏறியவர்களுக்குத் தெரியும்: முன்னால் பஸ், பின்னால் வேன், முதல் கியரிலேயே முடக்கு முடக்காக ஊர்ந்து போக வேண்டும். அப்படி ஒரு நாள் என் பழைய காரின் ஹீட் முள் ஏறிக்கொண்டே போனது, ஃபேன் சுற்றவில்லை. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) சூடானதும் ஃபேனைத் தானாகப் போடும் தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும், அது செத்துப்போயிருந்தது. ஓரமாக நிறுத்தி, அதன் பிளக்கைக் கழற்றி, இரண்டு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். ஃபேன் சுற்றத் தொடங்கியது. அந்தக் கம்பித் துண்டைத்தான் இப்போது ஒரு சுவிட்சாக டேஷ்போர்டுக்குக் கொண்டுவரப் போகிறோம்.

மற்ற ஊர்களை விட நமக்கு இது ஏன் அதிகம் தேவை? வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். ஏற்றத்தில் இன்ஜின் பாரம் இழுக்கிறது, வண்டியோ ஊர்கிறது. அப்போது ஃபேன் ஒன்றுதான் துணை. போதாததற்கு, சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் கூலன்டைக் கொதிக்காமல் காக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வயரை வெட்டும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க வேண்டும். முழு வேலையிலும் முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணாமல் கீயை மட்டும் ஓன் பண்ணி, தெர்மோ சுவிட்சின் பிளக்கைக் கழற்றுங்கள். கை ஃபேன் பக்கம் போகவே கூடாது.

கழற்றியதும் ஃபேன் தானாகச் சுற்றினால் அது தலைகீழ் வகை, அதாவது தொடர்பு அறுந்தால் ஃபேன் ஓடும் வகை. பழைய டொயோட்டா பலவற்றில் இப்படித்தான். சுற்றாவிட்டால், 3 அம்பியர் ஃபியூஸ் பொருத்திய ஒரு வயரால் பிளக்கின் இரண்டு முனைகளையும் இணையுங்கள். ஒற்றை வயர் பிளக் என்றால் அந்த வயரால் அதை வண்டி பொடியின் வெறும் இரும்பில் (ஏர்த்) இணையுங்கள். ஃபேன் சுற்றி, ஃபியூஸும் தாங்கினால் வண்டியில் ஏற்கெனவே ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்) இருக்கிறது. உங்கள் வேலை சுலபம். ஃபியூஸ் எரிந்தால், ஃபேனின் முழுக் கரண்டும் அந்த வயரில்தான் ஓடுகிறது. ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்சே இல்லாமல் கம்ப்யூட்டர் ஃபேனை ஓட்டும் புதிய வண்டியா? கைவைக்காதீர்கள், ஒட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.

இப்போது பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ரிலே உள்ள வகைக்கு, தெர்மோ சுவிட்சின் இரண்டு வயர்களிலிருந்தும் கிளை எடுத்து, 1 சதுர மில்லிமீற்றர் வயரில் டேஷ்போர்டில் ஒரு சாதாரண ஓன்-ஓஃப் சுவிட்சுக்குக் கொண்டுபோங்கள். 3 அம்பியர் ஃபியூஸ் கிளை தொடங்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒற்றை வயர் என்றால் சுவிட்சின் மறுமுனை ஏர்த்துக்கு. ஏர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் போடுங்கள்.

ஃபியூஸ் எரிந்த வகைக்கு, நான்கு கால் 12 வோல்ட் ரிலே ஒன்று வேண்டும். அதன் 30, 87 கால்களைத் தடித்த வயரால் தெர்மோ சுவிட்சின் இரண்டு வயர்களுக்கும் கொடுங்கள். ஒற்றை வயர் என்றால் 87 ஏர்த்துக்கு. 86 காலுக்குக் கீ ஓன் ஆகும்போது கரண்ட் வரும் வயர், அந்த 3 அம்பியர் ஃபியூஸ் வழியாக. 85 கால் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஏர்த்துக்கு. தலைகீழ் வகையில் தெர்மோ சுவிட்சின் ஒரு வயரை வெட்டி, சுவிட்சை நடுவில் போட்டால் போதும். சுவிட்சை ஓஃப் பண்ணினால் ஃபேன் சுற்றும், ஆகவே கீழே சுவிட்சைப் ‘போடுங்கள்’ என்பதை இந்த வகைக்கு ஓஃப் என்றும், ‘எடுத்துவிடுங்கள்’ என்பதை ஓன் என்றும் கொள்ளுங்கள்.

வயரை உள்ளே எடுக்கப் புதிதாக ஓட்டை போட வேண்டாம். வயர்க் கட்டு போகும் ரப்பர் வளையத்தின் ஓரமாக ஒரு சைக்கிள் கம்பியைக் குத்தி, அதில் வயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். சைலன்சர் குழாய், ஸ்டியரிங் தண்டு, பெடல் எதிலும் படாமல் கட்டுங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நம் மழையிலும் பனியிலும் செம்பு பச்சை பூத்துப்போகும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

சுவிட்ச் ஃபேனைப் போடுவதற்கு மட்டும்தான். ஃபேனை நிறுத்தும்படி யாராவது வயர் பண்ணித் தருவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மறதியாக ஃபேனை நிறுத்தியே விட்ட ஒரே ஒரு ஏற்றத்தில் இன்ஜினின் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விடும்.

பெட்டரியை மாட்டி, கீ ஓனில் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் சுவிட்சை எடுத்துவிட்டு, இன்ஜினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள்.

பாதையில் போகும்போது முள் ஏறும்வரை பார்த்திருக்க வேண்டாம். ஏற்றம் தொடங்கும் முன்பே போடுங்கள். ஃபேன் சுற்றியும் முள் ஏறினால் கூலன்ட், தெர்மோஸ்டாட், அடைத்த ரேடியேட்டர் என்று வேறு கோளாறு இருக்கிறது. நிறுத்துங்கள், முழுதாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். இறக்கத்தில் சுவிட்சை எடுத்துவிடுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதும் ஒருமுறை பாருங்கள். சில வண்டிகளில் கீயை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும், காலையில் பெட்டரி இருக்காது.