வெள்ளைக் கல்லில் இருந்த வில்லங்கம்

மொட்டைமாடியில் 500 லிட்டர் தொட்டியில் ஜிலேபிக் கெண்டை, அதற்கு மேலே கல் நிரப்பிய படுகையில் புதினாவும் தண்டுக்கீரையும். மீன் தொட்டித் தண்ணீர்தான் படுகை வழியே சுற்றி வரும், மீன் கழிவே செடிக்கு உரம். மூன்று வாரம் பாடாய்ப்படுத்திய சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது.

புதினாவின் தளிர்கள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளில் ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குறைவென்று ஈடிடிஏ என்ற வேதிப்பொருளோடு பிணைத்த இரும்பு உரத்தைக் கரைத்து ஊற்றினேன். பலனில்லை. தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.2, அந்த அளவில் அந்த இரும்பு செடிக்குக் கிடைக்காது. போர் தண்ணீரை விட்டு மழைநீருக்கு மாறினேன். பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச்சொட்டாக விட்டு 7க்கு இறக்கினேன். இரண்டே நாளில் மறுபடி 8. புதுத் தண்ணீர் விடாமலே ஏறியபோதுதான் உறைத்தது: உள்ளேயே ஏதோ கரைகிறது.

படுகையை நிரப்பியது அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்த வாரத்தில். ஜல்லி போதவில்லை, வாங்க அலைய நேரமில்லை. பக்கத்து நர்சரியில் அலங்காரத்துக்கு விற்கும் வெள்ளைக் கல்லையும் கலந்து நிரப்பியிருந்தேன். அதில் ஒன்றைத் துடைத்து வினிகரில் போட்டேன். விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ். பளிங்குச் சில்லு, அதாவது கால்சியம் கார்பனேட். அதுதான் கரைந்து பிஎச்சை ஏற்றியிருக்கிறது. கருங்கல் ஜல்லி சும்மா கிடந்தது.

வாளி வாளியாகக் கீழே இறக்கினேன். மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு அப்பாதான் வெள்ளைக் கல்லைப் பொறுக்கித் தள்ளினார். ஜல்லியைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினோம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டு, மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் கல்லிலுள்ள பாக்டீரியா செத்தால் அம்மோனியா ஏறி மீனுக்கு ஆபத்து.

பத்து நாளாக பிஎச் 7.1. இந்த முறை, இந்த பிஎச்சிலும் செடிக்குக் கிடைக்கும் டிடிபிஏ வகை இரும்பு விட்டேன். புதுத் தளிர்கள் பச்சையாக வருகின்றன.