விளையாட்டும் அடையாளமும்: பருவ இறுதி மீள்நோக்குக் கட்டுரையை எழுதுவது எப்படி?

விளையாட்டில் அடையாளம், பன்முகத்தன்மை பற்றிய பாடம் முடியும்போது, பெரும்பாலும் 1,500 சொற்களில் ஒரு மீள்நோக்குக் கட்டுரை கேட்பார்கள். அதில் மதிப்பெண் போவதற்கு முக்கியக் காரணம், மாணவர்கள் பாடச் சுருக்கத்தை எழுதிவிடுவதுதான். முதல் வாரம் இனம், அடுத்த வாரம் பாலினம், பிறகு மாற்றுத்திறன் என்று வரிசையாகப் போகும். பாடத்திட்டம் ஆசிரியருக்கே தெரியும். அந்தப் பாடம் உங்களுக்குள் எதை அசைத்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

முதலில் வகுப்புக் குறிப்பேட்டை எடுத்து, மூன்று இடங்களில் மட்டும் பென்சிலால் குறியிடுங்கள்: மறுத்துப் பேச நினைத்த இடம், பேச நினைத்தும் வாய் திறக்காத இடம், வீட்டுக்குப் போன பிறகும் மனத்தில் நின்ற இடம். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை எடுத்தால் 1,500 சொற்களுக்குள் இரண்டுமே மேலோட்டமாகப் போகும். பருவம் இன்னும் முடியவில்லை என்றால், ஒவ்வொரு வகுப்பும் முடிந்த அன்றிரவே ஐந்து வரி எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்தால் வகுப்பில் என்ன நினைத்தோம் என்பது மறந்து, என்ன நினைத்திருக்க வேண்டும் என்பதுதான் எழுத வரும்.

பிறகு தனித்தாளில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்: முன்பு என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன். கருத்து மாறவில்லை என்றால் மாறவில்லை என்றே எழுதலாம். அதற்கான காரணம் மட்டும் மாறியிருந்தாலும் அது நல்ல கட்டுரைக்குப் போதும். மாறாததை மாறியதாக எழுதினால் பகுப்பாய்வு வரும் இடத்தில் கை நின்றுவிடும்.

ஓர் உதாரணம். "பெண்கள் பிரிவின் எல்லை இயற்கையானது, சோதனை செய்தால் தெரிந்துவிடும்" என்பது உங்கள் பழைய கருத்து என்று வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பம் அவருடையது. ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், உடலில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோன்) வரம்பைத் தாண்டியதாகச் சொல்லி 2014 காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆதரவோடு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலையில் அந்த வரம்பு விதி நிறுத்திவைக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டுப் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: "சாந்தியின் கதை என்னை மிகவும் பாதித்தது. விளையாட்டில் பாகுபாடு கூடாது என்று உணர்ந்தேன்." இதில் எழுதியவர் எங்குமே இல்லை. திருத்தினால் இப்படி வரும்: "பதக்கம் பறிபோனதைப் படித்ததும் 'விதி விதிதானே' என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை எதிர்த்து வழக்காடும் வசதி யாருக்குக் கிடைக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. டூட்டி சந்த் வழக்கைப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது." வெட்கப்பட வைக்கும் முதல் எண்ணத்தை மறைக்காதீர்கள். கட்டுரைக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது பகுப்பாய்வு. விதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு வைத்த டெஸ்டோஸ்டிரோன் வரம்பு 2011-ல் லிட்டருக்கு 10 நானோமோல். 2018 விதியில் 5, அதுவும் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். 2023-ல் 2.5, எல்லாப் போட்டிகளுக்கும். 2025-ல் மரபணுச் சோதனை வந்துவிட்டது. எல்லை இயற்கையிலேயே தெளிவாக இருந்தால் அளவுகோல் ஏன் இத்தனை முறை மாற வேண்டும்? பெண்கள் பிரிவுக்கு ஒரு காப்பு வேண்டும், இல்லையென்றால் மற்ற வீராங்கனைகளுக்கு நியாயம் கிடைக்காது என்ற எதிர்வாதத்தையும் அதன் முழு வலுவோடு எழுதுங்கள். அதைத் தவிர்த்துவிட்டால் கட்டுரை சாய்ந்துவிடும். சாதி, வர்க்கம், பாலினம் மூன்றும் ஒரே ஆள்மேல் சேர்ந்து இறங்குவதைப் பேச, அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் முன்வைத்த ஊடுவெட்டுக் (intersectionality) கருத்தாக்கம் பொருந்தும். அதை ஒரே இடத்தில், ஒரு குறிப்பிட்ட நிகழ்வை விளக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சொற்பங்கீடு: நடந்ததற்கு 250, முதலில் நினைத்ததற்கு 200, பகுப்பாய்வுக்கு 700, எதிர்வாதத்துக்கு 200, இனிச் செய்யப்போவதற்கு 150.

மற்றவர்களைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. முப்பது பேர் வகுப்பில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர்தான் என்றால், பெயரை மறைத்து ஒரு பயனும் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தச் சாதியையோ பாலின அடையாளத்தையோ சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாரியப்பன் தங்கவேலு பற்றி எழுதினால் "ஊனத்தை வென்றவர்" என்று எழுத வேண்டாம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் என்று எழுதுங்கள். ஒரு தடகள வீரருக்கு உரிய மரியாதை அந்த எண்ணில் இருக்கிறது.

"இனிப் பாகுபாடு காட்டமாட்டேன்" என்பது திட்டம் ஆகாது. "பெண்கள் அணியின் பயிற்சி நேரம் விடுதி மூடும் நேரத்தோடு மோதுகிறதா என்று உடற்கல்வி இயக்குநரிடம் கேட்பேன்" என்பது திட்டம். யாரிடம், எதை, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

முடித்ததும் ஒரு நாள் விட்டு, வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். பத்துக்கு மேல் தேறினால் குறிப்பேட்டுக்குத் திரும்புங்கள். கடைசிப் பத்தியில் பாடத்துக்கும் ஆசிரியருக்கும் நன்றி சொல்லியிருந்தால், அதை எடுத்துவிட்டு அந்தச் சொற்களைப் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள்.