பட்டாளத்துத் துரையைப் பழைய காகிதத்தில் தேடுவது எப்படி

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போய்வரும் யாருக்கும் புக்கிட் புத்துஸ் புதிதல்ல. கோலப்பிலா தாண்டி வரும் மலைக் கணவாய். இப்போது அகலமான புதுச் சாலை வந்துவிட்டது. பழைய பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்காத தோட்டத்துப் பிள்ளை குறைவு. அங்கேதான் 1875 டிசம்பர் 20 அன்று ஜார்ஜ் நிக்கோலஸ் சானர் என்ற அதிகாரி மரத்தடுப்புக் கோட்டை ஒன்றுக்குள் குதித்து, அதற்காக பிரிட்டிஷ் படையின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வாங்கினார்.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பதிவேடு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். நீங்கள் தேடுவது வேறு ஆளாக இருக்கலாம்: கல்லறையில் படித்த பெயர், தோட்டத்தின் முதல் துரை, பழைய போட்டோவின் பின்புறம் எழுதியிருந்த யாரோ ஒரு கேப்டன். யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான். நான் சானரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். ஆள் மகாராணியின் பிரிட்டிஷ் படையா, இந்தியப் படையா? இது தெரியாமல் எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் காகிதங்களே இரண்டு இடத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் அதன் பின்வந்த இந்தியப் படையும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் கூடுதல். மலாக்காவிலும் பினாங்கிலும் காவலுக்கு இருந்த பட்டாளங்களில் பல மதராஸ் படையைச் சேர்ந்தவை. மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்த 1875 சண்டைக்கோ 10-ஆம், 80-ஆம் காலாட்படை போன்ற பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளும் வந்தன, இந்தியாவிலிருந்து கூர்க்காக்களும் வந்தார்கள். சானர் கூர்க்காக்களோடு வந்தவர், பெங்கால் ஸ்டாஃப் கோர்ஸ், அதாவது இந்தியப் படையின் வங்காளப் பிரிவுக்கான அதிகாரிகள் அணியில் இருந்தவர். ஆகவே இந்தியப் பக்கம்.

'அவருடைய ஃபைலைக் கொடுங்கள்' என்று கேட்டுவிட்டு ஏமாறாதீர்கள். விக்டோரியா காலத்து அதிகாரிக்கு அப்படி ஒரே ஃபைல் கிடையாது. டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 97 என்ற ஆவண வரிசையைப் பாருங்கள் என்று யாராவது சொன்னால், அது சாதாரணச் சிப்பாய்களுக்கானது. பிரிட்டிஷ் படை அதிகாரிகளுக்கு டபிள்யூ.ஓ. 76, டபிள்யூ.ஓ. 25, இந்தியப் படைக்கு இந்தியா ஆபீஸின் ராணுவ ஆவணங்களான எல்/மில் என்று தொடங்கும் எண்கள், அதில் 10 பெங்கால், 11 மதராஸ், 12 பம்பாய். ஆனால் இவை கடைசியில்தான் வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடி காசில்லாமல் செய்ய வேண்டிய வேலை முதலில் நிறைய இருக்கிறது.

ராணுவப் பட்டியல்களில் தொடங்குங்கள். ஹார்ட் என்ற அதிகாரி 1839-இல் ஆரம்பித்த பட்டியல் எனக்குப் பிடித்தது. அவர் காலத்துக்குப் பிறகும் 1915 வரை வந்தது. அரசாங்கப் பட்டியல் பெயரும் தேதியும் மட்டும் தரும். ஹார்ட் அடிக்குறிப்பில் எந்த அதிகாரி எந்தப் போரில் இருந்தார் என்றும் போடுவார். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. இது தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு பார்ப்பது மாதிரிதான்: ஒரு மாதத்தில் ஆள் இருக்கிறான், அடுத்த மாதம் இல்லை என்றால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஒரு நோட்டில் வருடம், பதவி, ரெஜிமெண்ட், பக்க எண் என்று நான்கு கோடு போட்டு, உறுதியாகத் தெரிந்த ஒரு வருடத்திலிருந்து முன்னும் பின்னும் போங்கள். பக்க எண்ணை எழுதாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டியதுதான்.

பதவி வரிசையில் கணக்கும் பாருங்கள். பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்டாஃப் கோர்ஸில் அந்த வியாபாரம் இல்லை. 12 வருட சேவைக்கு கேப்டன், 20 வருடத்துக்கு மேஜர் என்பது விதி. சானர் சேர்ந்தது 1859. ஆக 1871 வாக்கில் கேப்டன், 1879 வாக்கில் மேஜர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 1876-லேயே அவர் மேஜர் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு பேரோ என்று சந்தேகப்பட வேண்டாம். அது பிரெவெட் பதவி. அதாவது வீரத்துக்காகப் படை முழுவதிலும் கொடுத்த மரியாதை. ரெஜிமெண்டுக்குள் அவர் இன்னும் கேப்டன்தான். இந்த ஒரு விஷயம் புரியாமல் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கி எழுதியவர்கள் உண்டு.

அப்புறம் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட். இதுவும் இணையத்தில் இலவசம். நியமனம், பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் இதில் வரும். 'ஓய்வு பெறும் இன்னாருக்குப் பதிலாக, விலை கொடுத்து' என்று ஒரே வரியில் இருக்கும். அந்த இன்னாரையும் குறித்துக்கொள்ளுங்கள், ரெஜிமெண்டுக்குள் யார் போய் யார் வந்தார் என்பது அப்படித்தான் தெளியும். தேடுபெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படிக்கிறது. பெயர் கிடைக்கவில்லை என்றால் தேதியை வைத்து இதழைத் திறந்து கண்ணால் படியுங்கள். எழுத்தையும் மாற்றிப் பாருங்கள்: கூர்க்கா என்பதை ஜி-க்குப் பிறகு எச் சேர்த்தும், யு-வுக்குப் பதில் இரண்டு ஓ போட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.

சானரின் விருது அறிவிப்பு 1876 ஏப்ரல் கெஜட்டில் இருக்கிறது. அதை முழுசாகப் படியுங்கள், சுருக்கம் போதாது. மலாக்காவிலிருந்து வந்த படையின் தளபதி, கோட்டையின் பலத்தைப் பார்த்து வரத்தான் அவரைச் சில கூர்க்காக்களோடு அனுப்புகிறார். சானர் சுற்றிக்கொண்டு பின்புறம் போய்விடுகிறார். உள்ளே ஆட்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள், காவலுக்கு யாரும் இல்லை, பேச்சுக் குரல் கேட்கிறது. கையைக் காட்டிக் கூட்டாளிகளை வரச் சொல்லி, சில எட்டு தூரம் வரை பதுங்கிப் போய்க் குதிக்கிறார். முதல் ஆளைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறார். சுற்றிலும் மூங்கில் வேலி, அதற்குள்ளே மரக்கட்டை வீடு, சுட ஓட்டைகள், இரண்டு குறுகலான வாசல்கள். சரிவும் காடும் பீரங்கியை ஏற்ற விடாது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். கணவாயைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்த ஆட்கள், பிரிட்டிஷாரை எதிர்த்த மலாய் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் பக்கம் நின்றவர்கள். அவர்கள் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. கூடக் குதித்த கூர்க்காக்களின் பெயரும் இல்லை. இந்தியப் படைச் சிப்பாய்க்கு விக்டோரியா சிலுவை வாங்கும் உரிமையே 1911-இல்தான் வந்தது.

கெஜட் முடிந்ததும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்துக்குப் போங்கள். அதே வாரத்துச் செய்திகளை அங்கே படிக்கலாம். தேதிக்கும் இடத்துக்கும் நல்லது. வதந்தியும் கலந்திருக்கும், எனவே கெஜட்டோடு ஒட்டிப் பாருங்கள். பதக்கப் பட்டியல்கள் டபிள்யூ.ஓ. 100-இல். இங்கே நடந்த சண்டைக்கு இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்தில் 'பேராக்' என்ற பட்டை. நெகிரி செம்பிலானில் சண்டை போட்ட ஆளுக்கும் அதே பேராக்தான், எனவே பட்டையை மட்டும் பார்த்து ஆள் பேராக்கில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

1881-க்குப் பிறகு ரெஜிமெண்ட் காணாமல் போய்விட்டது என்று தோன்றினால், பெயர் மாறியிருக்கிறது. 10-ஆம் படை லிங்கன்ஷயர் ஆனது, 80-ஆம் படை சவுத் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சேர்ந்தது.

ரெஜிமெண்ட் இருந்தும் ஆளே பட்டியலில் இல்லையா? செத்துப்போனார் என்று முடிவு கட்ட வேண்டாம். தைப்பிங் ஆட்களுக்குத் தெரிந்த கேப்டன் ஸ்பீடியைப் பாருங்கள். 81-ஆம் படையில் இருந்தார், விலகினார், அபிசீனியா போனார், நியூசிலாந்தில் சண்டை போட்டார், 1868-இல் மறுபடி அபிசீனியாவில் பிரிட்டிஷ் படையோடு நின்றார், பினாங்கில் போலீஸ் அதிகாரியானார், 1873-இல் இந்தியாவிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு லாருட் வந்தார். இப்படிப்பட்ட ஆளை ராணுவப் பட்டியலில் மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை கிடைக்காது. நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) கடிதங்கள், கியூவில் சி.ஓ. (காலனி அலுவலகம்) 273, அங்கே பாருங்கள்.

இறப்புக்கு இங்கிலாந்தின் உயில் பதிவு அட்டவணை, 1858 முதல் இருக்கிறது. சானர் 1905-இல் டெவனில் இறந்தார், ஜெனரலாக. இவ்வளவும் நோட்டில் ஏறிய பிறகு கியூவுக்கோ பிரிட்டிஷ் நூலகத்துக்கோ எழுதுங்கள். வரிசை எண், வருடம், ரெஜிமெண்ட் மூன்றையும் குறிப்பிட்டு, நகலுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள். பவுண்டில் கணக்கு, ரிங்கிட்டில் பார்த்தால் கை சுடும்.