கண் தெரிகிறது, சீப்பு தெரியவில்லை: அக்னோசியா உள்ளவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆன ஒருவர் முன்னால் ஒரு சீப்பை வைத்தேன். உற்றுப் பார்த்தார். "நீளமா இருக்கு, கறுப்பா இருக்கு, ஓரத்துல கோடு கோடா இருக்கு" என்றார். என்ன பொருள் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. கையில் எடுத்து, கட்டைவிரலால் பற்களை ஒருமுறை வருடினார். க்ர்ர் என்று சத்தம் வந்ததும், "அட, சீப்பு!" என்றார்.

இதுதான் அக்னோசியா. கண் பார்க்கிறது, பார்த்தது இன்னது என்று மூளை அடையாளம் காண்பதில்லை. பக்கவாதம், தலைக்காயம், கார்பன் மோனாக்சைடு நச்சு, சில வகை மூளைத் தேய்வு நோய்கள் ஆகியவற்றால் இது வரலாம். மறுவாழ்வு சிகிச்சையில் இவர்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில், வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளை எழுதுகிறேன்.

முதலில் நடப்பது கண்ணாடி மாற்றுவது. கண் பரிசோதனை அவசியம்தான். மூளையின் பின்பகுதி பாதிக்கப்படும்போது ஒரு பக்கப் பார்வை போய்விடுவதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பார்வை சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் கண்ணாடிக் கடைக்கு அலைவதில் பயனில்லை.

அடுத்தது, "ஞாபக மறதி வந்துடுச்சு" என்று முடிவு கட்டுவது. சீப்பைக் காட்டாமல், சீப்பு எதற்கு என்று வாயால் கேட்டுப் பாருங்கள். "தலை வாரத்தான்" என்று உடனே பதில் வரும். அறிவு உள்ளே அப்படியே இருக்கிறது. கண் வழியாக அதை எட்ட முடியவில்லை, அவ்வளவுதான். பேச்சுக் குறைபாட்டோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாவியைக் காட்டியதும் பெயர் வராமல், மணிக்கட்டைத் திருப்பிப் பூட்டைத் திறப்பதுபோல் காட்டினால், அவருக்குப் பொருள் தெரிகிறது, சொல்தான் வரவில்லை. அக்னோசியா உள்ளவருக்கு அந்தச் சைகையும் வராது, தொட்டுப் பார்க்கும் வரை.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கட்டிலுக்கு முன்னால் நின்று, "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பது. முகங்களை அடையாளம் காண முடியாத நிலைக்கு புரோசோபக்னோசியா என்று பெயர். ஜெர்மன் மருத்துவர் போடமர் 1947இல் வைத்த பெயர் அது. இவர்களுக்கு மூக்கு, கண், மீசை எல்லாம் தெரியும். எல்லாம் சேர்ந்து இன்னார் என்று ஆவதில்லை. பெற்ற பிள்ளை முன்னால் நிற்கும்போது ஒரு தகப்பன் ஊகித்துப் பெயர் சொல்லி, அது தப்பாகி, சுற்றி நிற்கிறவர்கள் முகம் வாடுவதை நினைத்துப் பாருங்கள். நாலு தடவை இப்படி ஆனால் அவர் ஆட்களைப் பார்க்கவே தவிர்ப்பார். உள்ளே வரும்போதே, "அப்பா, நான் பெரியவன் வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுங்கள். குரலும் நடையும் அவருக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

"நடிக்கிறார்" என்ற பேச்சும் வரும். எதிரில் இருப்பது என்ன என்று தெரியாதவர், அதே டம்ளரை நேராகக் கைநீட்டி எப்படி எடுக்கிறார்? இதற்கு ஒரு பெண்ணின் கதை பதில் சொல்கிறது. ஆய்வுகளில் டி.எஃப். என்று குறிக்கப்படும் அவருக்கு 1988இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதித்தது. ஒரு பலகையில் உள்ள நீளத் துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஓர் அட்டையைத் துளைக்குள் போடச் சொன்னதும், கை தானாகச் சரியாகத் திரும்பிப் போட்டது. மூளை ஆய்வாளர்கள் கூடேல், மில்னர் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இது. கையை வழிநடத்துகிற பார்வைப் பாதை வேறு, பொருளை அறிகிற பாதை வேறு.

சிகிச்சை தருகிறவர்களும் தவறு செய்கிறோம். படஅட்டைகளை அடுக்கி, தினமும் பெயர் சொல்ல வைப்பது அதில் ஒன்று. அந்த அட்டைகளில் தேறுவார். அடுக்களைக்குப் போனால் பழைய நிலைதான். படத்தைவிட நிஜப் பொருள் எளிது. நிறமும் அசைவும் இருந்தால் இன்னும் எளிது. ஜெர்மன் மருத்துவர் லிஸாவர் 1890லேயே கண் வழி அக்னோசியாவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: உருவத்தையே சேர்த்துப் பார்க்க முடியாதவர்கள், உருவம் தெரிந்தும் பொருள் புரியாதவர்கள். ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண்.

அக்னோசியா கண்ணோடு மட்டும் நிற்பதில்லை. காது கேட்டும் ஹாரன் சத்தம் என்னவென்று புரியாதவர்கள் உண்டு. அவர்களைத் தனியாகச் சாலைக்கு அனுப்பக் கூடாது. பையில் கைவிட்டுத் துழாவி, விரலில் படுவது நாணயமா பொத்தானா என்று தெரியாதவர்களுக்குக் கண்தான் துணை. எந்தப் புலன் ஒழுங்காக இருக்கிறதோ, அதன் வழியே கற்றுக்கொடுக்க வேண்டும்.

வீட்டில், "சுத்தமா வைக்கிறேன்" என்று வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இடம் மாற்றாதீர்கள். அவருக்கு இடம்தான் பெயர்ப்பலகை. பாத்ரூமில் பற்பசையும் வலிக்குப் பூசும் களிம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில், அவர் களிம்பால் பல் துலக்கிவிட்டார். அப்புறம் பற்பசைக் குழாயில் ஒரு தடித்த ரப்பர் பேண்டைச் சுற்றினோம், களிம்பை அலமாரிக்கு மாற்றினோம். பினாயில், ஆசிட் போத்தல்களைப் பூட்டி வைத்தோம். மறுநாள் காலை அவர் குழாயை எடுத்து, ரப்பர் பேண்டை விரலால் தடவிப் பார்த்து, யாரையும் கேட்காமல் மூடியைத் திறந்தார்.